அத்தை மாத்திரை விழுங்கவில்லை, எண்ணிச் சாப்பிட்டார்

மருத்துவ இயக்குநர் அவர்களுக்கு,

நான் அனுப்பிய நான்கு பக்கப் புகாருக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து மூன்று வரிப் பதில் வந்திருக்கிறது. முதல் வரியில் கடிதம் கிடைத்தது என்கிறீர்கள். மூன்றாம் வரியில் நன்றி சொல்கிறீர்கள். நடு வரி இது: "நோயாளி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைப் பரிந்துரைத்த அளவுக்கு மேல் உட்கொண்டதே பாதிப்புக்குக் காரணம்; மருத்துவமனைத் தரப்பில் குறை ஏதும் இல்லை."

அந்த நடு வரியை ஏற்க முடியாததால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயரை நான் எழுதவில்லை. படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. இதே மாதிரி ஒரு மருந்துச் சீட்டு அவர்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம், அதை எடுத்துப் பார்த்தால் போதும்.

என் அத்தைக்கு, அதாவது என் கணவரின் தாயாருக்கு, வயது 59. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தில் இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. அது தெரிந்தபோது அவர் இரண்டு பிள்ளைகளைப் பெற்று, நடவு நட்டு, களை பறித்து, நாற்பதைத் தாண்டியிருந்தார். 2015-இல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செயற்கை வால்வு பொருத்தினார்கள். மின்சாரம் போன இரவுகளில் அவர் பக்கத்தில் படுத்தால் அதன் சத்தம் கேட்கும். தலையணைக்கு அடியில் பழைய கைக்கடிகாரம் கிடப்பதுபோல டிக், டிக் என்று. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் எல்லோருக்கும் பழகிவிட்டது. கேட்காவிட்டால்தான் பயம்.

அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க, வாழ்நாள் முழுவதும் அவர் அசினோகூமரால் மாத்திரை சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'வால்வு மாத்திரை'. இதன் அளவை, ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்த்து நீங்கள் முடிவு செய்கிறீர்கள். மாத்திரை சாப்பிடாத ஒருவருக்கு அந்த எண் 1-ஐ ஒட்டி இருக்கும். அத்தையைப் போன்றவர்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், பக்கவாதம் வரும். கூடினால் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். இவ்வளவு குறுகலான வரப்பில் நடக்க வேண்டிய மருந்து இது. ஒன்பது ஆண்டுகள் அத்தை அந்த வரப்பில் நடந்தார். ஒரு நாள்கூட மாத்திரையை மறந்ததில்லை. மாலை ஆறு மணிக்கு விளக்கு ஏற்றுவார், மாத்திரை போடுவார், காலண்டரில் அன்றைய தேதிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போடுவார். நகைக்கடையில் கொடுக்கும் பெரிய மாதக் காலண்டர். அவர் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், எண்கள் நன்றாகத் தெரியும். ஆங்கிலம் தெரியாது.

கீரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் "கீரை சாப்பிடாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் மட்டும் நான்கு பேர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கொல்லையில் நாங்கள் வைத்த முருங்கை மரம் இருக்கிறது. ஒன்பது ஆண்டுகளாக அவர் அதிலிருந்து ஒரு பிடி கீரையை வாயில் வைத்ததில்லை. கீரையை அடியோடு விட வேண்டியதில்லை, அளவு திடீரென்று கூடாமலும் குறையாமலும் பார்த்துக்கொண்டால் போதும் என்று இப்போதுதான் தெரிகிறது. அது போகட்டும். கீரையைப் பற்றி நான்கு பேர் சொன்ன அதே இடத்தில், மாத்திரையின் அளவு மாறிய அன்று அதைப் பற்றி ஒருவர்கூட அவரிடம் உட்கார்ந்து சொல்லவில்லை.

அந்த நாள் 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை. அத்தை தனியாகத்தான் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்து, காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் முடிவு வாங்கி, மாலையில் மருத்துவரைப் பார்த்தார். ஐ.என்.ஆர். 1.9. அதுவரை தினமும் 2 மில்லிகிராம் மாத்திரை ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது போதவில்லை என்று அளவைக் கூட்டினார்கள். கூட்டியது சரிதான், அதில் எனக்குக் கேள்வி இல்லை. கேள்வி, அதை எழுதிய விதத்தில் இருக்கிறது. ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம், இப்படி மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும் என்பது மருத்துவரின் எண்ணம். சீட்டில் இருப்பது ஆங்கிலத்தில் மருந்தின் பெயர், 2, ஒரு சாய்கோடு, 3, அதற்குப் பக்கத்தில் 'ஆல்ட்' என்று மூன்று எழுத்து. அந்த மூன்று எழுத்தும் ஒரு முடிச்சுபோல இருக்கிறது. அது 'மாற்றி மாற்றி' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் படிக்க முடிகிறது.

சீட்டு உங்கள் வளாகத்திலேயே இருக்கும் மருந்தகத்துக்குப் போனது. அங்கே இரண்டு அட்டைகளை இரண்டு காகித உறைகளில் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று 2 மில்லிகிராம், மற்றொன்று 3. இரண்டு உறைகளிலும் நீல மையில் '0-0-1' என்று எழுதியிருக்கிறது. இரண்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. காலையில் வேண்டாம், மதியம் வேண்டாம், இரவு ஒன்று என்பதுதான் அதற்குப் பொருள் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இரண்டு உறையிலும் அப்படி இருந்தால் இரவில் இரண்டும் ஒவ்வொன்று. அத்தை கேட்டிருக்கிறார், "இரண்டுமா?" என்று. "இதில் ஒன்று, இதில் ஒன்று" என்று கவுண்டரில் பதில் வந்திருக்கிறது. சொன்னவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மாலையிலிருந்து அத்தை அதில் ஒன்று, இதில் ஒன்று சாப்பிட்டார்.

கணக்கு மிக எளிது. ஒன்பது மாலைகளில் 22 மில்லிகிராம் போயிருக்க வேண்டும். போனது 45. அடுத்த பரிசோதனைக்கு நீங்கள் குறித்துக் கொடுத்த தேதி ஒரு மாதம் கழித்து.

ஏழாவது நாள் காலை, தெருக்குழாயில் பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அது அவர் முப்பது ஆண்டுகளாகச் செய்வது. மறுநாள் குளிக்கும்போது, "இங்கே பார், என்னவோ கறுத்திருக்கிறது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குடத்தின் வளைவு எப்படி இருக்குமோ அப்படியே, பிறை வடிவத்தில், நாவல்பழ நிறத்தில் இடுப்பில் பதிந்திருந்தது. தைலம் தேய்த்துவிட்டேன். அன்று பல் தேய்த்தபோது துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்ததை அவர் என்னிடம் சொல்லவில்லை. பல்லில் கோளாறு என்று நினைத்துக்கொண்டாராம்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏழாவது நாள் அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து, பக்கத்து ஊர் கிளினிக்கில் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். அந்த மாத்திரை வால்வு மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. எனக்கு அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்தான் தெரிந்தது. அதற்கு உங்களைப் பொறுப்பாக்க மாட்டேன். ஆனால் என்ன மாத்திரை, என்ன அளவு, எவையெவை கூடவே கூடாது என்று எழுதிய ஒரு சிறு கையேடு அத்தையின் பையில் இருந்திருந்தால் அந்த மருத்துவரிடம் நீட்டியிருப்பார். நீட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. "வால்வு போட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

26-ஆம் தேதி இரவு அடைமழை. பதினொரு மணிக்குமேல் அத்தை எழுந்து உட்கார்ந்து முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். விளக்கைப் போட்டால் முந்தானை நனைந்திருந்தது, தலையணை நனைந்திருந்தது. அரை மணி நேரம் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. அன்று மலம் கறுப்பாகப் போனது என்பதை அப்போதுதான் சொன்னார். 108-ஐ அழைத்தோம். மழையில் அது வந்து சேர்ந்து, உங்கள் வாசலில் இறக்கியபோது விடியப்போகிறது. ஐ.என்.ஆர். எவ்வளவு என்று கேட்டேன். "பத்துக்கு மேல், கருவியே அதற்குமேல் காட்டவில்லை" என்றார்கள்.

உங்கள் இரவுப் பணி மருத்துவர்கள் அன்று செய்ததை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். வைட்டமின் கே ஊசி போட்டார்கள், பிளாஸ்மா ஏற்றினார்கள். வைட்டமின் கே அதிகமானால் ரத்தம் ஒரேயடியாகக் கெட்டியாகி வால்வு அடைத்துக்கொள்ளும், குறைந்தால் கசிவு நிற்காது, மூளையில் கசிந்தால் அவ்வளவுதான் என்று ஓர் இளம் மருத்துவர் நின்று நிதானமாக எனக்கு விளக்கினார். ஒன்பது ஆண்டுகளில் இந்த மாத்திரையைப் பற்றி எங்களுக்கு ஒழுங்காகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆறு நாள் கழித்து அத்தை பிழைத்து வீட்டுக்கு வந்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டேன். இப்போதும் சொல்கிறேன்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

அவசரப் பிரிவில் அத்தையின் சீட்டில் எழுதப்பட்ட முதல் சொல் 'ஓவர்டோஸ்'. உங்களுக்கு அது ஒரு மருத்துவச் சொல். மருந்தின் அளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள். தமிழில் ஒருவர் மாத்திரை சாப்பிட்டார் என்றால் நோய்க்கு. மாத்திரை விழுங்கிவிட்டார் என்றால் சாவதற்கு. அந்தச் சொல்லைப் பார்த்ததுமே செவிலியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாத்திரை?" இரண்டாவது கேள்வி, "வீட்டில் ஏதாவது சண்டையா?" என் கையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், நான் யார் என்று கேட்டார். மருமகள் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார்.

காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. காலை ஒன்பது மணிக்கு ஒரு காவலர் வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. ஆனால் சீருடையோடு வந்து, எல்லோரும் பார்க்கும் வராந்தாவில், "மாமியாருக்கும் உங்களுக்கும் எப்படி?" என்று கேட்டார். மூக்கில் பஞ்சு அடைத்துப் படுத்திருந்த அத்தையிடமும் வாக்குமூலம் வாங்கினார். "ஏன் சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டதற்கு அத்தைக்குக் கேள்வியே புரியவில்லை. "டாக்டர் கொடுத்தார், சாப்பிட்டேன்" என்றார். உண்மையிலேயே சாகத் துணிந்த ஒருவரைக்கூடக் குற்றவாளியாக்கி வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விளக்கேற்றிவிட்டு மாத்திரை போட்டுக்கொண்ட ஒரு பெண்ணுக்கு இது நடந்தது.

இதற்கு நடுவில் ஒரு மூத்த மருத்துவர், பயிற்சி மருத்துவர்களுக்குப் பாடம் சொல்லும்போது, "இது எலி மருந்து இனம்தான்" என்றிருக்கிறார். தவறாகச் சொல்லவில்லை. பிறகு நான் படித்துப் பார்த்தேன். அசினோகூமராலின் பங்காளி வார்ஃபரின். 1920-களில் வட அமெரிக்காவில், பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் ஆய்வுக்கூடம் அதற்குக் காரணமான பொருளைக் கண்டுபிடித்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு மருந்தானது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவருக்கும் அதையே கொடுத்தார்கள். சுவையான வரலாறு. ஆனால் அதைச் சொன்ன இடம் பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினர்கள் நின்ற இடம். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கத்துத் தெரு. எங்கள் பகுதியில் எலி மருந்து என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு. நாங்கள் வீடு திரும்புவதற்கு முன்பே, மருமகள் கொடுமை தாங்காமல் மாமியார் எலி மருந்து சாப்பிட்டுவிட்டார் என்ற செய்தி ஊருக்குப் போய்விட்டது.

என் கணவர் குவைத்தில் வேலை செய்கிறார். இரண்டாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தார். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்ன நடந்தது, உண்மையைச் சொல்" என்றார். பன்னிரண்டு ஆண்டுத் திருமண வாழ்க்கையில் அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதில்லை. என் நாத்தனார் வந்தார். தாயின் காலைப் பிடித்து அழுதார். நான் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கவில்லை. அத்தைக்குப் பேச்சு நன்றாக வந்த பிறகு, அவரே மகளைக் கூப்பிட்டு, "நான் எண்ணித்தானே சாப்பிட்டேன்" என்று சொன்ன பிறகுதான் அந்த முகம் மாறியது. ஊரின் முகம் இன்னும் மாறவில்லை. ஊர் முழுக்கப் போய் ஐ.என்.ஆர். என்றால் என்னவென்று நான் விளக்க முடியாது.

இயக்குநர் அவர்களே, உங்கள் பதிலில் இருக்கும் 'உட்கொண்டதே காரணம்' என்ற சொற்களை இந்தப் பின்னணியில் படித்துப் பாருங்கள். வராந்தாவில் காவலர் கேட்ட அதே கேள்விக்கு நீங்கள் முத்திரை வைத்துக் கொடுத்த பதில் அது.

என்னிடம் இருக்கும் சான்று மிகச் சாதாரணமானது. நகைக்கடைக் காலண்டர். நவம்பர் 17 வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கோடு. 18-இலிருந்து 26 வரை ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கோடு, ஒரே உயரத்தில், பக்கத்தில் பக்கத்தில். இரண்டு அட்டைகளிலும் ஒன்பது ஒன்பது குழிகள்தான் காலி, மீதி மாத்திரைகள் அப்படியே இருக்கின்றன. சாக நினைப்பவர் ஒன்பது நாள் தவணையில் சாக மாட்டார். கவனக்குறைவானவர் காலண்டரில் கோடு போட மாட்டார். அளவு தவறிப்போன ஒருவரின் காலண்டர் இல்லை இது. சொன்னதைச் சொன்னபடி செய்த ஒருவரின் காலண்டர்.

என் பங்கு இதில் இல்லை என்று நான் சொல்லவில்லை. பி.காம். படித்திருக்கிறேன், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். அன்று இரவு அந்த இரண்டு உறைகளையும் நான் பார்த்தேன். '0-0-1' என்று இரண்டிலும் இருந்ததைப் பார்த்துவிட்டு, அளவைக் கூட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். சீட்டை எடுத்துப் படிக்கவில்லை. குடத்தின் தழும்பைப் பார்த்தும் தைலத்தைத் தேடினேனே தவிர மாத்திரையை நினைக்கவில்லை. இதை நினைத்துத் தூங்காத இரவுகள் உண்டு. கவனக்குறைவு என்ற சொல்லை யார் மேலாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் என் மேல் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன் சீட்டு எழுதியவர் மேலும், '0-0-1' போட்டவர் மேலும், அளவை மாற்றிவிட்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னவர் மேலும் எழுதுங்கள். அத்தையின் மேல் எழுதாதீர்கள்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தில் இப்படிப் பிழை நேர்வது உங்களிடம் மட்டும் நடந்ததில்லை. 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த வகை மருந்தான ஹெப்பாரினின் 10 யூனிட் குப்பி இருக்க வேண்டிய இடத்தில் 10,000 யூனிட் குப்பி வைக்கப்பட்டது. இரண்டு குப்பிகளின் லேபிளும் நீலம். மூன்று குழந்தைகள் இறந்தன. அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டென்னிஸ் குவைடின் பச்சிளம் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே ஆயிரம் மடங்குப் பிழை நேர்ந்தது. அவை பிழைத்துக்கொண்டன. அந்த மருத்துவமனைக்கு மாநில அரசு அபராதம் போட்டது, மருந்து நிறுவனம் லேபிளின் நிறத்தை மாற்றியது. குழந்தைகள் அளவுக்கு மேல் உட்கொண்டன என்று யாரும் பதில் எழுதவில்லை. எழுத முடியாது, அவர்கள் தொட்டிலில் கிடந்தார்கள். அத்தை தன் கையால் மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார் என்பதைத் தவிர இரண்டு சம்பவங்களுக்கும் வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் வார்ஃபரின் மாத்திரை 1 மில்லிகிராம் என்றால் பழுப்பு, 3 என்றால் நீலம், 5 என்றால் இளஞ்சிவப்பு. எந்த நிறுவனம் தயாரித்தாலும் அதே நிறம். நோயாளிக்கு மஞ்சள் அட்டை போட்ட ஒரு கையேடு உண்டு. ஒவ்வொரு முறையும் ஐ.என்.ஆர். எவ்வளவு, அளவு எவ்வளவு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். மாத்திரையின் நிறத்தை மாற்றும்படி நான் உங்களிடம் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை. கையேடு உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் வரவேற்பறையில் இருக்கும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைத் துண்டறிக்கை பளபளப்பான தாளில், அழகான தமிழில் அச்சாகியிருக்கிறது. தமிழில் அச்சடிக்கத் தெரியாத இடம் இல்லை உங்களுடையது.

நான் இழப்பீடு கேட்கவில்லை. வழக்குத் தொடரச் சொல்லிச் சிலர் சொன்னார்கள், இதுவரை அதற்கும் போகவில்லை. கேட்பது இவைதான்.

முதலில், அத்தையின் பதிவேட்டைத் திருத்துங்கள். 'ஓவர்டோஸ்' என்று மட்டும் நிற்கும் இடத்தில், மருந்துச் சீட்டிலும் உறையிலும் அளவு தெளிவாகக் குறிப்பிடப்படாததால் நேர்ந்த பிழை என்று எழுதி, கையொப்பமிட்டு, ஒரு நகலை எங்களுக்கும் ஒரு நகலை அன்று தகவல் அனுப்பிய காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். உங்கள் மூன்று வரிக் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். அந்த நகலை நான் சட்டம் போட்டு மாட்டப் போவதில்லை. என் நாத்தனாரின் புகுந்த வீட்டில் ஒருமுறை காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒருநாள் ஓர் அளவு மறுநாள் வேறு அளவு என்று எழுதுவதை இயன்றவரை நிறுத்துங்கள். தவிர்க்கவே முடியாது என்றால் 'திங்கள் 2, செவ்வாய் 3' என்று ஏழு கிழமைக்கும் தமிழில் எழுதிக் கொடுங்கள். ஏழு சொல் எழுத ஒரு நிமிடம் ஆகாது. இரண்டு அளவு அட்டைகள் போகும் சீட்டில் உங்கள் மருந்தகம் '0-0-1' என்று எழுதவே கூடாது என்று ஆணையிடுங்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளே சொல்கின்றன. பெயருக்குச் சொன்னது அளவுக்கும் பொருந்தும்தானே?

மூன்றாவது, மாத்திரையின் அளவை மாற்றினால் ஒரு வாரத்துக்குள் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்ய ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு பஸ் மாறி வர முடியாதவர்கள் தங்கள் ஊர்ப் பக்கம் பரிசோதித்து, முடிவைத் தொலைபேசியில் சொல்ல ஓர் எண் கொடுங்கள். அந்த எண்ணை எடுத்துப் பேச ஓர் ஆளையும் வையுங்கள். இப்போது சீட்டின் அடியில் அச்சாகியிருக்கும் எண், அறை முன்பதிவு செய்வதற்கானது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

நான்காவது, ஒரு கையேடு. தமிழில், பையில் வைக்கும் அளவில். ஈறில் ரத்தம், காரணமில்லாத கன்றிப்போன தழும்பு, கறுப்பு மலம், சிவப்புச் சிறுநீர், நிற்காத மூக்கு ரத்தம், திடீர்த் தலைவலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று முதல் பக்கத்தில் இருக்கட்டும். மெட்ரோனிடசோல், வலி மாத்திரைகள் போன்றவற்றைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். கீரை எங்காவது பின்னால் இருக்கட்டும்.

ஐந்தாவது, மாத்திரையைக் கொடுக்கும் ஆள், "எப்படிச் சாப்பிடுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அன்று ஒருவர் அத்தையிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவர் "தினமும் இதில் ஒன்று, அதில் ஒன்று" என்றிருப்பார். உங்கள் ஆள் "ஐயையோ, அப்படியில்லை அம்மா" என்றிருப்பார். அங்கேயே முடிந்திருக்கும்.

மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. எனக்கு 26 நாள் ஆனது. இந்த மடலுக்கு 30 நாள் தருகிறேன். எழுத்துவடிவில் பதில் வேண்டும். தொலைபேசியில் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். அதற்குள் பதில் வராவிட்டால் இரண்டு உறைகள், சீட்டு, காலண்டர் ஆகியவற்றின் நகலோடு தமிழ்நாடு மருத்துவ மன்றத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுவேன்.

அத்தைக்கு இப்போது தினமும் ஒரே அளவு, ஒரே மாத்திரை. மாலை ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டு உள்ளங்கையில் வைத்துக் காட்டுகிறார், "ஒன்றுதானே?" என்று கேட்கிறார். நான் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் வாயில் போடுகிறார். நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால், வாசல் திண்ணையில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கம்பக்கத்தவர்கள் பார்க்கிறார்கள்.

எங்கள் முகவரி உங்கள் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
அதே பதிவேட்டில் 'உடன் வந்தவர்: மருமகள்' என்று எழுதப்பட்டிருப்பவர்